எதிர்க்கட்சி ரசிகர் வாழ்க!

மனித குலத்தை அறிஞர்கள் பலவாறு வகுத்திருக்கிறார்கள். நிறத்தால் வகுத்தவர் உளர். மொழியால் வகுத்தவர் உளர். மண்டை ஓட்டை அளந்து வகுத்தவரும் உளர். நாரந்தனையில் இருந்துகொண்டு எழுதும் நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. எமது கணக்கில் மனிதர் இரண்டே வகையினர். ஆடுகிறவர் ஒருவர், அதைப் பார்த்துக்கொண்டிருந்து, எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று சொல்லுகிறவர் மற்றவர். முன்னவர் தொகை எந்த ஊரிலும் சொற்பம். பின்னவர் தொகைக்கு எல்லை கிடையாது. விளையாட்டானாலும், சங்கீதமானாலும், சினிமாவானாலும் அதைத் தாங்கி நிற்பவர் இந்த இரண்டாம் வகையினரே. இவரைத்தான் ரசிகர் என்கிறோம். அன்பு மிகுந்த இடத்தில் விசிறி என்று சொல்லுவதும் உண்டு. கடற்காற்று ஓயாமல் வீசுகின்ற எமது தீவிலே விசிறிகளுக்குப் பஞ்சமில்லாதிருப்பது ஆச்சரியந்தான்!

ரசிகர்களைப் பற்றிச் சில அபிப்பிராயங்களை இந்த வாரம் வெளியிடலாம் என்று எண்ணுகிறோம். அபிப்பிராயங்கள் யாவும் எமது சொந்தச் சரக்கு. பிடிக்காதவர்கள் தாராளமாகப் பிடிக்காமல் இருக்கலாம். அப்படிச் சிலர் இருந்தே ஆகவேண்டும் என்பதுதான் நாம் சொல்ல வந்த சமாசாரமும்.

முதலில் விளையாட்டை எடுத்துக்கொள்ளுவோம்.

நாரந்தனையை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்காவற்றுறைப் பக்கமாகப் போனால் எங்கள் ஊர் வந்து சேரும். பனையும் மணலும் கிணற்றடியும் உள்ள ஊர். இத்தகைய ஊருக்கென்றே ஏற்பட்டது போன்ற விளையாட்டு கரப்பந்தாட்டம். இரண்டு கம்பம், நடுவிலே ஒரு வலை, ஒரு பந்து; பிற்பகல் வெயில் தாழ்ந்தால் ஆட்டம் ஆரம்பம். 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மோர்கன் என்பவர் இதை உண்டாக்கினார். கூடைப்பந்தாட்டம் ஆடி மூச்சு வாங்கிய நடுவயதுக் கனவான்களுக்கு இலேசான தேகப்பயிற்சியாக இருக்கட்டும் என்பது அவருடைய நல்லெண்ணம். எங்கள் பக்கத்து இளைஞர் பந்தை அடிக்கும் அடியை மோர்கன் துரை பார்த்திருப்பாரானால், அந்தக் கனவான்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பார். 1991ஆம் ஆண்டிலிருந்து இதுவே இலங்கையின் தேசிய விளையாட்டு. கிரிக்கெட்டுக்கு அந்தப் பட்டம் இல்லை என்பதைக் கேட்டுப் பலர் நம்புவதில்லை.

இந்த ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் என்பது சட்டம். தீவகத்திலே ஏழாவது ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. அவர்தாம் சோளகக் காற்று. வைகாசி பிறந்துவிட்டால் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அவர் புறப்பட்டு வருவார். வெளியே போகவேண்டிய பந்தை உள்ளே தள்ளுவார். உள்ளே விழவேண்டியதை வேலிக்கு அப்பால் கொண்டுபோவார். வென்றவர் தமது திறமையால் வென்றதாகச் சொல்லுவார். தோற்றவர் காற்றினால் தோற்றதாகச் சொல்லுவார். இவ்விஷயத்தில் காற்றை ஒருவரும் விசாரித்ததில்லை.

கோட்டோரத்தில் நிற்கும் ரசிகர் ஒவ்வொருவரும் ஒரு மத்தியஸ்தர். உண்மையான மத்தியஸ்தர் ஊதுகுழலை ஊதுவதற்கு முன்னரே இவர்கள் தீர்ப்பு வழங்கிவிடுவார்கள். ஒரு மாலையில் எமது காதில் விழுந்த சம்பாஷணை இது:

"அண்ணை, பந்து கோட்டுக்கு வெளியிலை எல்லோ விழுந்தது?"

"விசர்க்கதை கதையாதை தம்பி. பந்து சரியான இடத்திலைதான் விழுந்தது. கோடுதான் கொஞ்சம் தள்ளிப் போட்டுக் கிடக்கு."

இதைப் போன்ற உறுதியான உள்ளத்தைப் படைத்தவருக்கு எதிரே நிற்க ஒருவர் வேண்டுமல்லவா? எதிரணி வராமையால் ஓர் அணி வென்றதாக அறிவிக்கப்படும் நாளை வாசகர்கள் கண்டிருப்பார்கள். சட்டப்படி அது வெற்றி. ஆனால் வென்றவர்கள் முகத்தைப் பார்த்தால் செத்த வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் போலிருக்கும். ரசிகர்களோ, வாயிலே வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகிப் போன துக்கத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

இனி, கிரிக்கெட் என்னும் துடுப்பாட்டத்துக்கு வருவோம். ஐந்து நாள் ஆடி முடிவில்லாமற் கலைந்து போகும் வேறொரு விளையாட்டு உலகத்தில் இல்லை. கல்யாணப் பேச்சு ஒன்றுதான் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது. இக்காலத்து இருபது ஓவர் ஆட்டமோ சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் எமக்குக் குறை உண்டு. எனினும் இரண்டையும் பார்க்கிறோம். ரசிகர் என்பவர் குறை சொல்லிக்கொண்டே பார்க்கிறவர்தாமே!

இன்று கிரிக்கெட் பார்ப்பதற்குக் கைத்தொலைபேசி ஒன்று போதும். 1990களில் கிரிக்கெட் கேட்பதற்கு உடல் வலிமை வேண்டியிருந்தது. போர்க்காலத்து வடக்கிலே மின்சாரம் இல்லை. வானொலிக்கு வேண்டிய மின்கலமும் அரிது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலியை இயக்கினார்கள். பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்க, ஒருவர் சுழற்றுவார். இங்கேதான் அரசியல் புகுந்தது. சுழற்றுகிறவர் எந்த அணியின் ரசிகர் என்பது முக்கியம். தமது அணி ஆட்டமிழக்கும் நேரம் பார்த்து அவருக்குக் கை உளைந்துவிட்டால் செய்தி பாதியில் நின்றுபோகும். அப்படியிருந்தும் கை உளைய உளைய, தமது அணி தோற்பதையும் பிறர் கேட்கும்படி சுழற்றிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை எடுத்தது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் பெற்றார். அன்று அவுஸ்திரேலியாவின் பக்கம் இருந்துகொண்டு மிதியைச் சுழற்றியவர் எவரேனும் இருந்தால், எமது கருத்தில் அவருக்கும் ஒரு சிறு கிண்ணம் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தியாவும் இலங்கையும் மோதினால் எங்கள் வீடுகளிலே அடுப்படி ஒரு கட்சி, திண்ணை ஒரு கட்சி. 2011 ஏப்ரில் 2ஆந் திகதி மும்பாயில் நடந்த இறுதியாட்டத்தை மறக்க முடியுமா? தகப்பனார் தெண்டுல்கரை நம்பி இந்தியாவுக்கு; மகன் முரளிதரனை நம்பி இலங்கைக்கு. முடிவில் தெண்டுல்கர் எடுத்தவை 18 ஓட்டங்கள். முரளிதரன் விக்கெட் ஒன்றுமே எடுக்கவில்லை. அவருக்கு அதுவே கடைசிச் சர்வதேச ஆட்டம். கிண்ணம் இந்தியாவுக்குப் போயிற்று. ஆனால் இரு கட்சியாருக்கும் தத்தம் நாயகரைப் புகழ வழியில்லாமற் போனபடியால், அன்றிரவு பல வீடுகளில் பூரண சமாதானம் நிலவியது.

ஆயினும் ரசிகர் என்ற சொல்லுக்கு முழுப் பொருளையும் காட்டியவர்கள் சென்னைவாசிகள். 1999 ஜனவரி 31ஆந் திகதி. சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள். இந்தியா வெல்வதற்கு 271 ஓட்டங்கள் வேண்டும். முதுகு நோவைப் பொறுத்துக்கொண்டு தெண்டுல்கர் 136 ஓட்டங்கள் அடித்தார். அவர் ஆட்டமிழந்தபோது வேண்டியிருந்தவை 17 ஓட்டங்களே. மீதியிருந்தவர்கள் நான்கு ஓட்டங்களோடு ஓய்ந்து போனார்கள். பாகிஸ்தான் 12 ஓட்டங்களால் வென்றது. இரு நாடுகளுக்கும் இடையில் இருந்த மனக்கசப்பை உலகம் அறியும். தோல்வியால் திகைத்துப்போய் இருந்த கூட்டம் சிறிது நேரத்தில் எழுந்து நின்றது. எழுந்து நின்று கைதட்டிற்று. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலைக் கேட்டு மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து வணக்கம் செலுத்தினார்கள். அன்று கைதட்டியவர்களுள் ஒருவராவது இந்தியாவின் கட்சியை விட்டுவிட்டார் என்று எண்ணுகிறீர்களா? இல்லவே இல்லை. நெஞ்சு வெந்துகொண்டிருக்கையில் கைகள் தட்டின. இதைவிடச் சிறந்த ஆட்டத்தை அந்த மைதானத்தில் ஒருவரும் ஆடியதில்லை என்பது எமது துணிபு. 1947இல் அதே மைதானத்தில் எங்கள் சதாசிவம் இலங்கைக்காக 215 ஓட்டங்கள் குவித்தார் என்பதையும் மறக்காமல்தான் இதைச் சொல்லுகிறோம்.

நிற்க. சங்கீத ரசிகர்களைக் கவனிக்காது விட்டால் அவர்கள் கோபிப்பார்கள். அவர்கள் கோபித்தால் அதற்கும் ஒரு தாளம் இருக்கும்.

கோயில் திருவிழாவிலே இரவு மேளக்கச்சேரி. வெண்மணலிலே பாயை விரித்துச் சனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுள் நான்கு வகையினரை எளிதில் அடையாளங் காணலாம். முதல்வர் தலையாட்டி, நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கும்போதே இவர் தலையை ஆட்டத் தொடங்கிவிடுவார். இரண்டாமவர் தாளக்காரர், தாளம் போடுவது தமது தொடையிலன்று, பக்கத்திலிருப்பவர் தொடையில். மூன்றாமவர் இராகம் பிடிப்பவர், வித்துவான் இரண்டு சுரம் வாசிப்பதற்குள் "தோடி!" என்பார். அது தோடியில்லையென்று தெரிந்தபின், "தோடியைப் போல ஆரம்பித்தார்" என்று குற்றத்தை வித்துவான் மேற் போடுவார். நான்காமவர் பழையவர். "இதென்ன வாசிப்பு? தட்சிணாமூர்த்தி வாசித்த காலத்தில் எல்லோ..." என்று தொடங்குவார். இந்த நான்காமவரை மாத்திரம் நாம் கண்டிப்பதில்லை. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவருக்கு அப்படிப் பேச உரிமை உண்டு. 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். தமிழ்நாட்டு நாதஸ்வர வித்துவான்கள் பலரும் தமக்கு வாசிக்கவேண்டுமென்று விரும்பி அழைத்த கலைஞர். நாற்பத்திரண்டு வயது நிரம்பு முன்பே போய்விட்டார்.

தவில் சமாவைப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். இரு தவில் வித்துவான்கள் எதிரெதிரே இருந்து வாசிக்கிறார்கள். ஒருவர் கடினமான கணக்கொன்றைப் போட்டு முடிக்கிறார். சனக்கூட்டத்துக்கு அது விளங்குவதற்கு முன்னர் "ஆகா" என்று தலையசைப்பவர் யார்? அடுத்ததாக அவரை வெல்லப் புறப்படும் மற்ற வித்துவானே! அந்தக் கணக்கின் அருமை அவருக்கல்லவோ தெரியும்? அவர் எதிரே இல்லாவிட்டால் முன்னவருக்கு அந்தக் கணக்கைப் போடவேண்டும் என்ற எண்ணமே உதித்திராது. கேட்டிருக்கும் நாம் கைதட்டுவது இருவருக்கும் பிற்பாடுதான்.

கடைசியாகச் சினிமா. இங்கே கட்சிகள் இரண்டு என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி. யாழ்ப்பாணத்திலே வின்சர், ராஜா, மனோகரா, ராணி, வெலிங்டன் என்று படமாளிகைகள் கொடிகட்டிப் பறந்த அந்த நாளில், தீவகத்து ரசிகருக்குப் பட்டினத்து ரசிகரிடம் இல்லாத ஒரு கஷ்டம் இருந்தது. அதுதான் கடைசி பஸ். கதாநாயகன் வில்லனை நோக்கிப் புறப்படும் தருணத்தில் எங்கள் ரசிகர் பஸ் நிலையத்தை நோக்கிப் புறப்படுவார். வில்லன் அடிபட்டானா, கதாநாயகி கிடைத்தாளா என்ற முடிவை மறுநாள் பட்டினத்திலிருந்து வருகிறவரிடம் கேட்டறிய வேண்டும். வந்தவர் எதிர்க்கட்சியாக இருந்தாரானால் முடிவையே மாற்றிச் சொல்லிவிடுவார்!

எம்.ஜி.ஆர். கட்சியாரிடம் ஒரு பிரமாஸ்திரம் இருந்தது. "எங்கடை ஆள் பிறந்ததே இலங்கையிலை" என்பார்கள். உண்மைதான், 1917ஆம் ஆண்டில் மலைநாட்டிலே பிறந்தவர் அவர். சிவாஜி கட்சியார் இதற்கு மறுமொழியில்லாமற் பல காலம் தவித்தார்கள். 1978இல் சிவாஜி இலங்கைக்கு வந்து மாலினி பொன்சேகாவோடு 'பைலட் பிரேம்நாத்' படத்தில் நடித்த பின்னரே அவர்களுக்கு மூச்சு வந்தது. "பிறக்கிறது ஆருக்கும் ஏலும். நடிக்கிறதெல்லோ கஷ்டம்!" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

எமது சொந்த அபிப்பிராயம் இது. எம்.ஜி.ஆர். படத்துக்குப் போகும்போது கைக்குட்டை வேண்டியதில்லை. நியாயம் வெல்லும் என்ற நம்பிக்கையை மாத்திரம் கொண்டுபோனாற் போதும். சிவாஜி படத்துக்குக் கைக்குட்டை போதாது. 'பாசமலர்' (1961) வந்த காலத்தில் அழுதவர்களின் கண்ணைத் துடைக்க நாலு முழ வேட்டியும் போதவில்லை. இருவரும் சேர்ந்து ஒரே படத்தில் நடித்தால் எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு விடை 1954ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. 'கூண்டுக்கிளி' என்ற அந்த ஒரு படத்திலேதான் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். படம் சோபிக்கவில்லை. காரணம் எமக்கு விளங்குகிறது. எதிர்க் கொட்டகையில் இருக்கவேண்டியவரை ஒரே திரையிலே கொண்டுவந்து நிறுத்திவிட்டால் ரசிகர் யாரோடு சண்டை பிடிப்பது?

எமக்குப் பிடித்த படம் எதுவென்று கேட்டால் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்போம். நாதஸ்வரத்துக்கும் நாட்டியத்துக்கும் போட்டி. போட்டிக்கு வந்தவர்கள் இருவருமே ஒருவரையொருவர் முதல் ரசிகராகக் கண்டுகொள்ளுகிறார்கள். சிவாஜி வாயில் வைத்த நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும். எம்.ஜி.ஆர். கட்சியார்கூட அந்தப் படத்தை இரகசியமாகப் பார்த்துவிட்டு வந்ததை நாம் அறிவோம். பெயர் சொல்லமாட்டோம்.

இத்தனையும் வேடிக்கையாகச் சொன்னோம். இனிச் சொல்லப்போவது முழுவதும் வேடிக்கையன்று.

1990ஆம் ஆண்டிலும் அதைத் தொடர்ந்தும் தீவகத்து மக்கள் போரினால் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிறகு பூட்டுவதற்குக் கதவே இல்லாமற் போயின. போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பலர் கொழும்பிலும், இலண்டனிலும், பாரிசிலும், ரொறன்ரோவிலும் நிலைத்துவிட்டார்கள். ஊர் இழந்தவற்றைக் கணக்கெடுக்கையில் வீடு, வளவு, மாடு, பனை எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர் போனதை எவரும் எழுதுவதில்லை. நாற்பது வருஷமாக "சிவாஜி அழுமூஞ்சி" என்று சொல்லி ஒருவருடைய இரத்தத்தைக் கொதிக்கவைத்தவர் கனடாவுக்குப் போய்விட்டால், இங்கே மிஞ்சியிருப்பவர் யாருக்காகச் சிவாஜியைப் புகழ்வார்? மறுப்பாரில்லாத அபிப்பிராயம் உப்பில்லாத கஞ்சியாக அல்லவா போய்விடும்!

எமக்குத் தெரிந்த இரு முதியவர்களின் கதை இது. ஒருவர் நாரந்தனையில், மற்றவர் ரொறன்ரோவில். வாரத்தில் ஒருநாள் தொலைபேசியிற் பேசுவார்கள். பேச்சு முழுவதும் எம்.ஜி.ஆரும் சிவாஜியுந்தான். ஒருநாள் இங்கிருப்பவரின் மனைவியார் பொறுக்கமுடியாமல், "உந்தப் படக்கதையை விட்டிட்டு, அவற்றை சுகத்தைப் பற்றி ஒருக்கால் விசாரியுங்கோவன்" என்றார். "அவர் சுகமாயில்லாட்டில் என்னோடை இவ்வளவு சத்தம் போடுவாரே?" என்பது கிழவரின் மறுமொழி. சில மாதங்களுக்குப் பின்னர் ஒருநாள் வழக்கம்போல் பேச்சு. இவர் சொன்னதற்கெல்லாம் அவர், "ஓம், ஓம், நீர் சொல்லுறது சரிதான்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு இவர் வெகு நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஏதோ வருத்தம்போல கிடக்கு. பிள்ளையளிட்டைக் கேளுங்கோ" என்றார். கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டு முதல்நாள்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார் மனிதர். இங்கே யாருக்கும் சொல்லவேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. ஒரு மாதங் கழித்து, "உம்மடை சிவாஜிக்கு வாள் பிடிக்கத் தெரியுமோ?" என்று அங்கிருந்து குரல் வந்த பிறகே இங்கே கிழவருக்கு வயிறு நிறையச் சோறு இறங்கியது.

மாணவர்களாகிய இளம் வாசகர்களுக்கு இதை ஏன் சொல்லுகிறோம்? இக்காலத்துக் கைத்தொலைபேசி மிகக் கெட்டித்தனமான பொருள். நீங்கள் எந்த நடிகரின் கட்சி, எந்த அணியின் கட்சி என்பதை அது கண்டுபிடித்துக்கொண்டு, உங்கள் கட்சியாரையே சதா உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. எதிர்க்கட்சியார் தப்பித் தவறி எதிர்ப்பட்டால், முகந்தெரியாத தைரியத்தில் அவருடைய தாய் தகப்பன் வரைக்கும் இழுத்து ஏசுகிறார்கள். கோட்டோரத்து அண்ணைமாரும் ஏசினவர்கள்தாம். ஆனால் ஏசிவிட்டு அதே கிணற்றில் தண்ணீர் அள்ளவும், அதே பந்தலில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடவும் வேண்டியிருந்தது. ஆகையால் ஏச்சுக்கு ஓர் அளவு இருந்தது. அளவு இருந்தபடியால் அதிலே ஒரு சுவையும் இருந்தது.

2025 செப்டம்பரில், எங்கள் தீவுக்கு வரும் வழியிலுள்ள மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் அமைக்கும் வேலை ஆரம்பித்து வைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆசனங்கள் எத்தனை, விளக்குகள் எத்தனை என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். நாம் வேண்டுவது ஒன்றே. ஆட்டம் நடக்கும் அன்று நாரந்தனையிலிருந்து போகிற பஸ்ஸிலே, நமக்குப் பக்கத்து ஆசனத்தில் எதிரணியின் ரசிகர் ஒருவர் இருக்கவேண்டும். போகும்போது தர்க்கம், வரும்போது தர்க்கம். அவருடைய அணி நன்றாக ஆடினால், மனம் எரிந்தாலும் சேப்பாக்கத்தாரைப் போல எழுந்து நின்று தட்டக் கைகளில் வலு இருக்கவேண்டும்.

இக்கட்டுரையில் கண்ட அபிப்பிராயங்களை முழுவதும் ஒப்புக்கொள்ளும் வாசகர்கள் எமக்குக் கடிதம் எழுதவேண்டிய அவசியமில்லை. சிவாஜியைப் பற்றியும், கிரிக்கெட்டைப் பற்றியும், தோடி இராகத்தைப் பற்றியும் எம்மோடு முரண்படுகிறவர்கள் அவசியம் எழுதவும். கடிதம் எவ்வளவு நீளமாயிருந்தாலும் பாதகமில்லை.